நம் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்மா ஆடம்ஸைப் பற்றி உனக்கு

அன்பு மகளுக்கு,

போனில் நீ எப்போதும் அவசரத்திலேயே இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன். நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் கறுப்பினக் கல்லூரியில் ஆய்வகம் பழசு, கருவிகள் போதவில்லை என்றாய். சரி, வருத்தம் நியாயம்தான். ஆனால் "இவர்களுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியவில்லை" என்றாயே, அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

உன் கல்லூரி 1890இல் வந்த இரண்டாவது மோரில் சட்டத்தால் பணம் பெறுகிற 19 கல்லூரிகளில் ஒன்று. அரசு வேளாண் கல்லூரிகளில் கறுப்பின மாணவர்களையும் சேருங்கள், மாட்டீர்கள் என்றால் அவர்களுக்குத் தனிக் கல்லூரி வைத்துப் பணத்தை நியாயமாகப் பங்கிடுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்ன சட்டம் அது. தென் மாநிலங்கள் தனிக் கல்லூரி வைத்தன, பங்கைத்தான் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. 2023இல் மத்திய கல்வி, வேளாண் துறைகளின் செயலர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரை மட்டும் இந்த மாநிலங்கள் இந்தக் கல்லூரிகளுக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கின்றன என்று. நம் வடக்கு கரோலினாவும் அந்தப் பதினாறில் உண்டு. டெலாவேரும் ஒஹாயோவும் சரியாகக் கொடுத்திருக்கின்றன. மனசு இருந்தால் மற்ற மாநிலங்களும் கொடுத்திருக்கலாம், இல்லையா? உன் ஆய்வகத்துக் கருவிகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்.

இப்போது ஆல்மா ஆடம்ஸுக்கு வருகிறேன். தொப்பி இல்லாமல் அவரைப் பார்ப்பதே அபூர்வம், உனக்கும் நினைவிருக்கும். கிரீன்ஸ்பரோவின் ஏ அண்ட் டி கல்லூரியில் படித்து 1968இல் பட்டம் வாங்கியவர். அதே ஊரின் பென்னெட் கல்லூரியில் 40 வருடம் ஓவியம் கற்பித்தார். அப்படிக் கற்பித்துக்கொண்டே பள்ளி வாரியம், நகர மன்றம், மாநிலச் சட்டமன்றம் என்று போய் 2014இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு வந்தார். வகுப்பறையில் என்ன இல்லை என்பது அவருக்கு யாரும் அறிக்கை எழுதிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

வந்த மறு வருடமே அலபாமாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் பிராட்லி பைர்னோடு சேர்ந்து, கறுப்பினக் கல்லூரிகளுக்காக இரு கட்சிக் குழு ஒன்றைத் தொடங்கினார். அதன் அருமை 2019இல் தெரிந்தது. இந்தக் கல்லூரிகளுக்கு வருடாவருடம் வந்துகொண்டிருந்த ஒரு நிதிக்கான சட்டம் செப்டம்பர் 30ஆம் தேதி காலாவதியானது. அதை நீட்டிக்க ஆடம்ஸ் கொண்டுவந்த ஃப்யூச்சர் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் மாட்டிக்கொண்டது. கடைசியில் இரு கட்சிகளும் பேசி முடித்து டிசம்பரில் சட்டமானது. வருடத்துக்கு 25.5 கோடி டாலர். அதில் 8.5 கோடி கறுப்பினக் கல்லூரிகளுக்கு, மீதி பழங்குடியினர், ஹிஸ்பானியர் முதலானோர் படிக்கும் கல்லூரிகளுக்கு.

தொகையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, இனி அதற்குக் கெடு தேதி கிடையாது என்பதுதான். சில வருடத்துக்கு ஒருமுறை முடிந்துபோகிற பணத்தை நம்பி எந்தக் கல்லூரி முதல்வர் நிரந்தரமாக ஆள் எடுப்பார், நீயே சொல். அதுவும் இது அறிவியல், கணிதம், பொறியியல் படிப்புகளை முக்கியமாக வைத்துத் தரப்படும் பணம்.

அதனால் ஒன்று செய். இந்தப் பணம் வரும் கணக்குக்கு டைட்டில் த்ரீ நிதி என்று பெயர். உன் கல்லூரியில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார்கள். நேரில் போய், உன் ஆய்வகத்துக்கு அதில் என்ன கேட்கலாம், எப்போது கேட்க வேண்டும் என்று விசாரி. அந்த ஊர் காங்கிரஸ் உறுப்பினர் யார் என்றும் தெரிந்துகொண்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா