ஒரு சால் கூட உழுதால்

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில் கதைத்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. நீ அனுப்பின படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட புது வேலி உன்னுடைய பக்கம் ஓரடி வந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. நியாயம் உன் பக்கம்தான். அடுத்த கிழமை சட்டத்தரணியைக் கொண்டு கடிதம் அனுப்பப்போவதாகச் சொன்னாய். அதற்கு முதல் இதை ஒருக்கால் வாசி. ரெலிபோனில் சொல்ல வெளிக்கிட்டால் இடையிலேயே உனக்கு வேலை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை நான் லக்ஸ்ரனுக்குப் போனேன். உனக்கு அந்த ஊர் நினைவிருக்கும். இங்கே இங்கிலாந்தில், நியூவாக்கிலிருந்து பத்து மைல் வரும், ஒரே ஒரு பெரிய தெரு. அந்தக் கோட்டை மேட்டில் ஏறிப் புல்லில் உருண்டு, புதுக் காற்சட்டை முழுக்கப் பச்சையாக்கி அம்மாவிடம் ஏச்சு வாங்கினாய். பிரான்சிலிருந்து நோர்மன்காரர் வந்து இந்த நாட்டைப் பிடித்த காலத்து மேடு அது. கோட்டை போய்விட்டது, மண் மட்டும் நிற்கிறது. நாங்கள் கடை வைத்திருந்த காலத்தில் காலையில் பேப்பர் வாங்க வரும் லக்ஸ்ரன் கமக்காரர் ஒருவர் இருந்தார். நான் கடையை விட்ட பிறகும் அவருடைய தொடர்பு விடவில்லை. இந்த முறை அவர் அந்த ஊர் வயல்களின் எல்லையைப் பார்க்கும் ஜூரிமாரில் ஒருவர். "ஒருநாள் வந்து பார்" என்று பல வருசமாகக் கூப்பிட்டவர். போனேன்.

அந்த ஊரில் என்ன விசேஷம் என்றால், அங்கே பெரிய வயல்களுக்கு வேலி இல்லை. மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று வயல். ஒவ்வொன்றும் எங்கள் ஊரில் எத்தனையோ குறிச்சி அடங்குகிற அளவு. அதற்குள் ஒவ்வொரு கமக்காரருக்கும் நீளத் துண்டுகளாகக் காணி, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. ஒரு வயலில் மாரிக் கோதுமை, அடுத்ததில் இளவேனிலில் விதைக்கிற பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருசம் முறை மாறும். என்னுடைய துண்டில் நான் நினைத்ததை நினைத்த நேரம் போடுவேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லாருக்கும் பங்காகக் கிடைக்க வேண்டும் என்பதால்தான் துண்டுகள் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒருவரிடம் முழு ஏருக்கு வேண்டிய எருதுகள் இராது. நாலு வீட்டு எருதுகளைச் சேர்த்துக் கட்டித்தான் அந்தக் களிமண்ணை உழுதார்கள். எருதுக் கூட்டம் திரும்ப இடம் வேண்டும், அதனால்தான் பழைய உழவுச் சால்கள் நேராக இராமல் முனையில் வளைந்திருக்கும். இங்கிலாந்தில் பல இடங்களில் புல்வெளியின் கீழே அந்த வளைவு இன்னும் தெரியும். அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன், பின்னேர வெயில் சரிந்து விழும் நேரத்தில்தான் வடிவாகத் தெரியும்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க இப்படித்தான் இருந்தது. பிறகு, பொதுவாகக் கிடந்த வயலையும் புல்தரையையும் பிரித்து ஆளுக்காள் வேலி போடுகிற வேலியடைப்புக் காலம் வந்தது. 1604 முதல் 1914 வரைக்கும் 5,200க்கு மேற்பட்ட சட்டங்களைப் பாராளுமன்றம் இதற்கென்றே போட்டது. 68 இலட்சம் ஏக்கர், நாட்டின் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல். பொதுப் புல்தரையில் ஒரு பசு விட்டுப் பிழைத்த ஏழைக்கு, வேலி விழுந்த அன்றோடு பசுவும் போனது. வேலி அடைப்பது என்றால் எங்களுக்குப் பனையோலையும் கதியாலும்தான் ஞாபகம் வரும். இங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை குடும்பம் ஊரை விட்டுப் போனது என்று வாசித்தபோது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

லக்ஸ்ரனிலும் கொஞ்சக் காணியை அடைத்துத்தான் இருக்கிறார்கள். மிச்சம் தப்பியதற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே காணி வைத்திருந்த இரண்டு பிரபுக்கள், மான்வேர்ஸும் ஸ்காப்ரோவும், தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. பிறகு விவசாயம் நட்டப்பட்ட காலம் வந்துவிட்டது, அடைக்கிற செலவுக்குக் கட்டாது. 1952 இல் மான்வேர்ஸ் பிரபு ஊரை விவசாய அமைச்சுக்கு விற்றார். 1981 இல் அது முடிக்குரிய காணிகளைப் பார்க்கும் கிரௌன் எஸ்ரேற்றின் கைக்கு வந்தது. 2020 இல் திரும்பவும் அந்தப் பழைய குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்ரேற்றுக்கே போனது. உழுகிறவர்களில் அதிகம் பேர் குத்தகைக்காரர்தான். அதனால் இதை ஒரு சமத்துவபுரி என்று நான் உனக்குப் படம் காட்டவில்லை. ஆனால் உடைமை கை மாற மாற, வயலின் நிருவாகம் மட்டும் உழுகிறவர்களின் கையிலேயே இருந்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

கார்த்திகை (நவம்பர்) கடைசியில் ஒரு நாள், கோதுமை முளைத்து நாலு விரல் உயரம் நிற்கும் நேரம், பன்னிரண்டு ஜூரிமாரும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி அந்த வருசத்துக் கோதுமை வயலைச் சுற்றி வருவார்கள். எல்லாரும் அந்த ஊர்க் கமக்காரர். துண்டுகளுக்கு நடுவே, பள்ளமும் ஈரமுமாக உழ முடியாத இடங்களில், புல் விட்டிருக்கிறார்கள். 'சைக்' என்று பெயர். அது பொது. அந்தப் புல்லை வருசா வருசம் ஏலம் விட்டு, வரும் காசைப் பொதுவுரிமை உள்ளவர்களுக்குப் பங்கிடுவார்கள். நூற்றாண்டுகளாகக் கலப்பை படாத தரை என்பதால் கோடையில் அங்கே பூக்கிற காட்டுப் பூக்களைப் பாதுகாக்கவென்றே சட்டம் இருக்கிறது. உழுகிறவருக்கு அந்தப் புல்லோரம் ஒரு சபலம். ஒரு வருசம் ஒரு சால் உள்ளே போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பத்து வருசத்தில் பொதுப்புல் இராது. அதைப் பிடிக்கத்தான் ஜூரி. வாய்க்கால் துப்புரவாக்கினதா, வயல் பாதையை யாரும் உழுதுவிட்டார்களா என்றும் பார்ப்பார்கள்.

நான் பெட்டிக்குப் பின்னால் மற்றப் பார்வையாளர்களோடு நடந்தேன். அந்தக் களி, மகன், சப்பாத்தில் ஒட்டினால் விடாது, ஒவ்வொரு காலும் ஒரு செங்கல் கட்டின பாரம். ஓரிடத்தில் நின்றார்கள். புல்லும் கோதுமையும் சேரும் கோடு அங்கே கொஞ்சம் வயிறு தள்ளினது போல வளைந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வயதானவர் குனிந்து, கோதுமை நாற்றுக்கிடையில் மண்ணைக் கையால் விலக்கிக் காட்டினார். கீழே மடிந்து கிடந்த புல் இன்னும் அழுகாமல் வெளிறிக் கிடந்தது. போன வருசம் வரை அது புல்தரை என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அந்தத் துண்டுக்காரர் வேறு யாருமில்லை, ஜூரியில் ஒருவராக அங்கேயே நின்றார். முகம் சிவந்துபோச்சு. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பெட்டிக்குள் இருந்து ஒரு மரமுளையை எடுத்துவந்தார்கள். அவர் அதை வாங்கி, எங்கே ஊன்ற வேண்டும் என்று கேட்டு, தானே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துத் துண்டுக்காரர் சுத்தியலை ஓங்கி அடித்தார். நாலு அடி. ஒவ்வொரு அடிக்கும் முளையைப் பிடித்த கை அதிர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு எல்லாரும் ஏறிப் போனார்கள். மத்தியானம் அந்த இரண்டு பேரும் ஊர்ப் பப்பில் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள்.

அடுத்த கிழமை அதே பப்பில்தான் அவர்களுடைய நீதிமன்றம் கூடும். கோட் லீற் என்று பெயர். சத்தியப் பிரமாணம் எடுத்து, பெயர் கூப்பிட்டு, ஜூரி கண்ட குறைகளுக்கு அங்கே தண்டம் விதிப்பார்கள். பெரிய காசில்லை. அடுத்த வருசத்து ஜூரியையும் அங்கேயே தெரிவு செய்வார்கள். ஏதோ பழங்காலக் கூத்து என்று நினைக்காதே. 1977 இல் இப்படியான பழைய மன்றங்களிடமிருந்து வழக்குக் கேட்கிற அதிகாரத்தைப் பாராளுமன்றம் எடுத்தபோது, லக்ஸ்ரன் மன்றத்தை மட்டும் பெயர் சொல்லி, வேல்ஸில் இன்னொன்றோடு சேர்த்து விட்டுவைத்தது. தண்டம் கட்டாவிட்டால் அதற்குச் சட்டம் இருக்கிறது.

நீ கேட்பாய், அளந்த படம் இல்லையா என்று. இருக்கிறது. 1635 இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் ஊர் முழுவதையும் அளந்து கீறினார். ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம், யாருடையது, எவ்வளவு என்று கூடவே ஒரு புத்தகம். எங்கள் ஊர்த் தோம்பு மாதிரி. அப்போது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் இருந்தன. இப்போது அவற்றைச் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். மூலப் படம் ஒக்ஸ்போட்டில் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதன் பிரதியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். துண்டுகளுக்குள்ளே குட்டி மனிதர்களைக் கீறி வைத்திருக்கிறார், உழுகிறார்கள், அரிவு வெட்டுகிறார்கள், ஒரு மூலையில் மான் வேட்டை. இவ்வளவு திருத்தமான படம் கையில் இருந்தும் அந்த ஊர் ஆட்கள் படத்தைக் கொண்டுபோய் ஒருவர் முகத்தில் அடிப்பதில்லை. வருசத்துக்கு ஒருக்கால் எல்லாருமாக நடந்துபோய், நின்று, குனிந்து, முளை அடிக்கிறார்கள். காணி சிதறிக் கிடப்பதால் வீடுகள் எல்லாம் அந்த ஒரே தெருவில் நெருக்கமாக நிற்கின்றன. சண்டை பிடித்தால் விடிந்ததும் அதே முகத்தைத்தான் படலையடியில் பார்க்க வேண்டும்.

இதை ஏன் உனக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், உன்னுடைய அப்பப்பாவின் வேலி வழக்கை நான் உனக்கு ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

எங்கள் வளவுக்கும் மேற்கு வளவுக்கும் நடுவில் கிளுவை வேலி. அவர்கள் வேலி அடைக்கும்போது கதியாலைத் தள்ளி நட்டார்கள் என்று அப்பப்பா சொன்னார். காணி உறுதியில் பரப்பும் குழியும் தெளிவாக இருக்கிறது என்று நொத்தாரிசிடம் போனார், பிறகு அப்புக்காத்திடம் போனார். ஒன்றரை முழத்துக்கு வழக்கு. பதினொரு வருசம். தவணை, தவணை, தவணை. அப்பாச்சிக்கு அவவுடைய அம்மா கொடுத்த சங்கிலி அதிலே போனது. இரண்டு வீட்டுக்கும் பங்குக் கிணறு, ஆனால் அவர்கள் அள்ளி முடிந்து உள்ளே போகும் வரைக்கும் அப்பாச்சி குடத்தோடு மாமரத்தடியில் காத்து நிற்பா. அந்த வீட்டுப் பெடியன் எனக்கு வகுப்புத் தோழன். ஒரே ஒழுங்கையால் ஒரு வார்த்தை பேசாமல் பள்ளிக்கூடம் போனோம். சாமத்தியவீட்டுக்கு அவர்களைச் சொல்லவில்லை, செத்தவீட்டுக்கும் அவர்கள் வரவில்லை. யார் சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பப்பா சரியாகவே இருந்திருக்கலாம்.

1995 ஐப்பசி (ஒக்ரோபர்) 30 இரவு, ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணத்து வலிகாமமே வீடு வாசலை விட்டு எழும்பி நடந்தபோது நான் இங்கே வந்துவிட்டேன். பிறகு அப்பாச்சி சொல்லித்தான் தெரியும். மழை. அசைய முடியாத சனம். நாவற்குழிப் பக்கம் போகும்போது முன்னுக்கு நிற்பது மேற்கு வளவு அம்மா என்று முதுகைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறா. அவவிடம் குடை இருந்தது. அவ திரும்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் குடையைப் பின்னுக்குச் சரித்துப் பிடித்திருக்கிறா. சாவகச்சேரி வரைக்கும் அப்படியே நடந்தார்களாம். திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, கதியாலும் இல்லை, எது எங்கே நின்றது என்று காட்ட ஒரு அடையாளமும் இல்லை.

மகன், உன்னுடைய ஓரடியை விட்டுக்கொடு என்று நான் சொல்லவில்லை. லக்ஸ்ரனில் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, முளை சரியான இடத்தில்தான் இறங்கியது. நான் கேட்பது ஒன்றுதான். சட்டத்தரணியின் கடிதம் அவருடைய பெட்டிக்குள் விழுந்தால் அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைக்க மாட்டீர்கள். நீ சொன்னாயே, போன மாரியில் உனக்கு முதுகு பிடித்திருந்தபோது உன் வாசல் பனியையும் சேர்த்து வழித்தது அந்த மனுசன்தான் என்று. அவர் களவாகப் போட்டிருப்பார் என்று எனக்குப் படவில்லை. வேலி போட வந்த ஆட்கள் பழைய வேலியின் கம்பத்தைப் பார்த்துப் போட்டிருக்கலாம். நேரில் கேட்டால்தான் தெரியும்.

வீடு வாங்கும்போது தந்த அளவைப் படத்தைக் கொண்டு போ. ஆனால் முதலில் அதை விரிக்காதே. "எனக்கு ஒரு சந்தேகம், வாருங்கள், இரண்டு பேருமாகப் பார்ப்போம்" என்று கூப்பிடு. அளவு நாடாவின் மற்ற முனையை அவருடைய கையில் கொடு. பின் மூலையில் அளவையாளர் அடித்த இரும்பு ஊசி மண்ணுக்குள் இருக்கும், அதை அவரையே தேடி எடுக்கச் சொல். கண்டால் அங்கேயே ஒரு மரமுளையை ஊன்றுங்கள். வேலியைத் தள்ளுவதற்குச் செலவு வந்தால் பாதியை நீ போடு, காசு பற்றாவிட்டால் அப்பாவிடம் சொல், வெட்கப்படாதே. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் மட்டும் பிறகு சட்டத்தரணியிடம் போ, நான் தடுக்கமாட்டேன்.

அம்மா ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பார்சல் கட்டி வைத்திருக்கிறா, திங்கட்கிழமை போடுவோம். முதுகுக்கு எண்ணெயும் அதற்குள் இருக்கிறது. பிள்ளைக்கு இருமல் விட்டுவிட்டதா என்று எழுது.

மார்கழி நடுவுக்குப் பிறகு அங்கே நிலம் உறைந்து முளை இறங்காது என்று நீதானே சொன்னாய். அதனால் பிந்தாமல் இந்தச் சனிக்கிழமையே அவரைக் கூப்பிடு. அளந்து முடிந்ததும், உங்களுக்கு எத்தனை மணி என்று பாராமல் எனக்கு ரெலிபோன் எடு.

அன்புடன்,
அப்பா