கைத்தையலைப் பசை தடவிச் சட்டம் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கைவேலைப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவள் நான். தையல் போடுவதை நன்றாகவே சொல்லித் தருகிறீர்கள், ஆனால் தைத்து முடித்த துணியை எப்படிச் சட்டம் போடுவது என்று நான் படித்தவரை ஒருமுறைகூட வரவில்லை. பரிசு கொடுப்பதற்காகத் தைக்கிறவர்களுக்கு வேலை கெட்டுப்போவதே அந்த இடத்தில்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கை கல்யாணத்துக்கு, பெண் மாப்பிள்ளை பெயரைச் சுற்றி மல்லிகைக் கொடி வைத்துத் தைத்தேன். ஒன்றரை மாத வேலை. சட்டம் போடக் கொடுத்த கடையில் அட்டையில் பசையைத் தடவித் துணியை ஒட்டி, அதன்மேல் கண்ணாடியை அழுத்தி ஆணி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த ஐப்பசி மழைக்குள் பசை ஊறின இடமெல்லாம் பழுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிய ஆரம்பித்தது, கண்ணாடிக்கு அடியில் பூக்கள் நசுங்கிக் கிடந்தன, பிரித்துத் துவைக்கலாம் என்றால் துணி அட்டையை விட்டு வரவே இல்லை. தங்கை ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அப்புறம் அத்தைக்கு அறுபது நிறைந்தபோது மறுபடி ஊசியை எடுத்தேன். 1983-ல் அத்தை ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது தாத்தா போட்ட இன்லேண்ட் லெட்டரில் ஒரு வரி, "கவலைப்படாதே பணம் அனுப்பியிருக்கிறேன்." எழுத்துச் சீர்திருத்தம் 1978-லேயே வந்துவிட்டது, ஆனாலும் தாத்தா கடைசிவரை 'லை'யைப் பழைய மாதிரி யானைத் துதிக்கை போலச் சுழித்துத்தான் எழுதினார். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில் கேட்டுப் பார்த்தேன், அவர்களிடம் இருக்கிற எழுத்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதில் எதுவும் தாத்தா கையெழுத்து இல்லையே.

அந்த வரியைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, வெயில் அடிக்கும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் துவைத்துக் காயவைத்த காடாத் துணியைப் பிடித்துப் பென்சிலால் வரைந்துகொண்டேன். (காடாவை முதலிலேயே நனைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கித் தையலை இழுத்துவிடும்.) நூலின் 6 இழையில் 2 இழை மட்டும் எடுத்தால்தான் பேனாக் கோடு மாதிரி வரும். நேர்க்கோட்டுக்கு பேக் ஸ்டிச் (ஊசியைப் பின்னால் திருப்பிக் குத்தி இடைவெளி விடாமல் போடுவது), வளைவுக்கு ஸ்டெம் ஸ்டிச் (ஒன்றையொன்று ஒட்டிச் சாய்ந்து கயிறு முறுக்கினது போல வருவது). அந்தத் துதிக்கை வளைவில் மட்டும் ஒவ்வொரு தையலையும் 2 மில்லிமீட்டருக்குக் குறைத்தேன், நீளமாகப் போட்டால் வளைவு முக்கு முக்காக உடைந்து தெரியும். அந்த வரியில் இருக்கும் ஐந்து புள்ளிக்கும் ஐந்து ஃப்ரெஞ்ச் நாட், அதாவது ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு. தாத்தா பேனாவை அழுத்தி வைக்கிறவர், அதனால் ஊசியில் இரண்டு சுற்று சுற்றிப் போட்டேன்.

இந்தத் தடவை சட்டத்துக்குள் வைக்கும் வேலையை நானே செய்தேன். அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்கினேன், சாதா அட்டை நாளாக ஆகத் துணியைப் பழுப்பாக்கும். துணியைக் கவிழ்த்து, கீழே கனமான துண்டு விரித்து இஸ்திரி போட்டால் முடிச்சுகள் நசுங்காது. நான்கு பக்கமும் மூன்று விரல் அகலம் துணி விட்டிருந்தேன், அதைப் பின்னால் மடித்து, கெட்டி நூலால் நடுவில் தொடங்கி ஓரம்வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஷூ லேஸ் கட்டுவது போல இழுத்துக் கட்டினேன். ஒரு சொட்டுப் பசை இல்லை. கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில், ஜன்னல் மாதிரி நடுப்பகுதி வெட்டிய மவுண்ட் அட்டை வைத்ததால் கண்ணாடி தையலைத் தொடவே இல்லை. நாளைக்கு அழுக்கானால் நூலை அறுத்துத் துவைத்துத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

அத்தை பிரித்ததும் முதலில் அந்த 'லை'யைத்தான் விரலால் தடவப் போனார், கண்ணாடி தடுத்தது. வெயில் படாத சுவராகப் பார்த்து நானே மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன், நேர் வெயில் பட்டால் நூல் நிறம் வெளுத்துவிடும்.

அதனால் கைவேலைப் பக்கத்தில் ஒரு வாரம் இதற்கு இடம் கொடுங்கள், துணியை இழுத்துக் கட்டுவதைப் படம் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. சட்டம் போடும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: துணியில் கைத்தையல் இருந்தால், பசையை எடுப்பதற்கு முன்னால் கொண்டுவந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு வாசகி,
பாளையங்கோட்டை