லோஸ் பான்யோஸிலிருந்து அத்தைக்கு

லோஸ் பான்யோஸ்,
லாகுனா மாகாணம், பிலிப்பைன்ஸ்.

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவின் பேச்சைக் கேட்டு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தியிருப்பீர்கள் என்று தெரியும். நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இவர்களும் மூன்று வேளை சோறு தின்கிற ஜாதிதான். இரவு மீந்ததைக் காலையில் பூண்டு போட்டு வதக்கி, பக்கத்தில் ஒரு முட்டை. புளி கிடைப்பதால் ரசமும் வைத்துவிடுகிறேன். மழைதான் பெய்தால் விடுவதில்லை.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். பெயர் ஸ்பெயின்காரன் பெயர், சாமி அவன் கொண்டுவந்த சாமி, நாட்டுக்கே அவனுடைய ராஜா பெயர். இந்த ஜனங்களுக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாதா என்று. பெயர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1849-இல் கிளாவேரியா என்ற கவர்னர் ஒரு பெரிய பட்டியலை அனுப்பி, இதிலிருந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டார். ஆள் கணக்கும் வரிக் கணக்கும் குழம்பக் கூடாது, அவ்வளவுதான் காரணம். அதனால் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

என் ஜன்னலைத் திறந்தால் மகிலிங் மலை. மல்லாந்து படுத்த பெண் போலத் தெரியும் என்கிறார்கள். எனக்கு இன்னும் மூக்கு எது, முழங்கால் எது என்று பிடிபடவில்லை. மலைக்குக் காவல் மரியா மகிலிங் என்ற தேவதை. ‘மரியா’ பிற்பாடு ஒட்டிக்கொண்ட பெயர், நம்பிக்கை அதற்கு முந்தையது. கல்யாணம் வைத்திருக்கும் ஏழை வீட்டுக்கு உடுப்பும் நகையும் இரவல் தருவாளாம். திருப்பிக் கொடுக்கும்போது, முட்டையிடத் தொடங்காத வெள்ளைக் கோழி ஒன்றையும் சேர்த்துத் தர வேண்டும். வாங்கியவர்கள் திருப்பாமல் ஏமாற்றியதால்தான் அவள் இப்போது கண்ணில் படுவதில்லை என்று ஒரு பேச்சு. பக்கத்து ஊரான கலம்பாவில் பிறந்த ஹோசே ரிசால், 1890-இல் இந்தக் கதையை எழுதிவைத்தார்.

இதே மாகாணத்தில், 1989 வாக்கில், ஆற்று முகத்துவாரத்தில் மணல் அள்ளியபோது ஒரு செப்பேடு கிடைத்தது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900. நம் பக்கம் முதலாம் ஆதித்த சோழன் ஆண்ட காலம். ராஜா பெருமை ஏதாவது இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நம்வரான் என்பவரின் கடன் தீர்ந்தது, இனி அவர் பிள்ளைகளிடமும் யாரும் கேட்கக் கூடாது என்று எழுதிய சீட்டு அது. மணிலா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாமா எழுதி வாங்காமல் கொடுத்த கடன்களை நினைத்துக்கொண்டேன்.

எழுத்தும் இருந்தது. பாய்பாயின் என்று பெயர், மொத்தம் 17 குறிகள். மெய்யில் ‘அ’ ஒலி தானாகவே சேர்ந்திருக்கும். மேலே கோடு போட்டால் இகரம், கீழே போட்டால் உகரம். புள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது, சொல் முடிவில் வரும் மெய்யை எழுதாமலே விட்டுவிடுவார்கள். படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட எல்லோரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று பெத்ரோ சிரினோ என்ற பாதிரியார் 1604-இல் எழுதியிருக்கிறார். ஆனால் நெடுங்கதைகளை இவர்கள் எழுதிவைக்கவில்லை. அவை வாயிலேயே இருந்தன.

அதனால் பாதிரியார்கள் சீக்கிரமே கால் ஊன்றிய இந்தச் சமவெளியில் நெடும்பாட்டுகள் மறைந்து, சின்னச் சின்னவைதான் மிஞ்சின. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியதும் பாதிரியார்களே. 1754-இல் அவர்கள் அச்சிட்ட, இந்தப் பக்கத்து மொழியான தகாலோகுவின் அகராதியில், சொல்லுக்கு உதாரணமாக ஏழசை நாலடிப் பாட்டுகளும் விடுகதைகளும் கிடக்கின்றன. விடுகதை இன்றும் எல்லா வீட்டிலும் உண்டு. ‘பகலில் மூங்கில் குழாய், இரவில் கடல்’. சொல்லுங்கள் பார்க்கலாம். படுக்கிற பாய்!

முழுசாகப் பாட்டைக் கேட்க வேண்டுமானால் மலையேற வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு ஊர் வடக்கே இஃபுகாவோ மலையில், கியாங்கான் பக்கம். அறுவடைக்கு வா என்றார். இரவு பஸ் பிடித்துப் போனேன். மலையைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கி, ஒவ்வொரு படியிலும் தண்ணீர் நிறுத்தி நெல் போட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரே போகம், தினாவோன் என்ற பழைய நெல். அரிவாள் இல்லை. கைக்குள் அடங்கும் சின்னக் கத்தியால், கதிர் கதிராகக் கிள்ளி எடுக்கிறார்கள்.

வரிசையின் நடுவில் ஒரு பாட்டி. கழுத்தில் சிலுவை, வாயில் வெற்றிலைப் பாக்கு. அவர் ஓர் அடியை எடுத்துவிட்டார். பாதி முடியுமுன்பே மற்றப் பெண்கள் வாங்கி நீட்டினார்கள். கடைசி எழுத்து நீண்டுகொண்டே போகும்போது பாட்டி அடுத்த அடிக்கு மூச்சு எடுத்துக்கொள்கிறார். கை நிற்பதில்லை. அடிக்கு அடி ராகம் மாறவில்லை, அதே மெட்டுதான். ஒரு மணி நேரம் கழித்தும் எனக்கு அலுக்கவில்லை.

இதன் பெயர் ஹுத்ஹுத். 200-க்கும் மேற்பட்ட பாட்டுகள், ஒவ்வொன்றிலும் 40 பகுதிகள். முழுவதும் பாட நாள்கணக்கில் ஆகும். விதைப்பு, அறுப்பு, சாவு வீட்டில் கண்விழிக்கும் இரவு, இவைதான் அதற்கு நேரம். பாடுகிறவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை அலிகுயோனுடையது. அப்பாவின் பகையாளி ஊருக்குச் சண்டைக்குப் போகிறான்; அங்கே பும்பாக்கயோன் இவனுக்குச் சமமான வீரன். வருடக்கணக்கில் ஈட்டி எறிந்தும் யாரும் ஜெயிக்கவில்லை. கடைசியில் நண்பர்களாகி, இவன் தங்கையை அவனும் அவன் தங்கையை இவனும் கட்டிக்கொள்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பகையை முடித்த கதை உங்களுக்குப் புதிதா என்ன!

வேறு இடங்களிலும் உண்டு. மிண்டோரோ தீவின் ஹனுனுவோ மங்யான் மக்கள் ஏழசை அடிப் பாட்டுகளை மூங்கிலில் கத்தியால் கீறி, பெண் கேட்கவும் விருந்தாளியை வழியனுப்பவும் பயன்படுத்துகிறார்கள். அவற்றைத் திரட்டிய அந்தோன் போஸ்ட்மா என்ற டச்சுக்காரர்தான் அந்தக் கடன் சீட்டையும் படித்துச் சொன்னவர். தெற்கே மரனாவ் முஸ்லிம்களின் தராங்கென் என்ற நெடும்பாட்டு 72,000 அடிகள். அவர்களிடம் ராமாயணமும் ஒன்று இருக்கிறது. ராவணன் அங்கே மகாராதியா லவானா. லட்சுமணன் பெயர் எப்படியோ குரங்குக்குப் போய்விட்டது! கதாகாலட்சேபத்துக்குப் போகும் எதிர்வீட்டுத் தாத்தாவிடம் சொல்லாதீர்கள்.

எனக்குள்ள சங்கடம் வேறு. 1966-இல் ஐஆர்8 என்ற புது நெல் ரகத்தை வெளியிட்ட, இந்த ஊர் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில்தான் எனக்குச் சம்பளம். சீக்கிரம் விளைய வேண்டும், சீக்கிரம் அறுக்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் வேண்டும் என்பதுதான் எங்கள் தொழில். கதிர் கதிராகக் கிள்ளும் வயலில்தான் அந்தப் பாட்டுக்கு நேரம் இருக்கிறது. இயந்திரம் ஓடும் வயலில் யார் பாடுவது? அந்த ஊர் இளையவர்களோ பகியோவுக்கும் மணிலாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் போகாதே என்று சொல்லும் யோக்கியதை, திருவாரூரிலிருந்து கிளம்பி வந்த எனக்கு இல்லை. ஹுத்ஹுத்தை யுனெஸ்கோ 2001-இல் பாராட்டி அறிவித்தது, போட்டிகள் நடக்கின்றன, பள்ளிப் பிள்ளைகளும் கற்கிறார்கள். மேடையில் பிள்ளைகள் நன்றாகத்தான் பாடுகிறார்கள், ஆனால் கையில் கதிர் இல்லை.

வெயில் ஏறியதும் எல்லோரும் வரப்பில் உட்கார்ந்தோம். உங்கள் ஊரில் பாட்டு உண்டா என்று பாட்டி கேட்டார். நீங்கள் பாடும் நடவுப் பாட்டில் நாலு அடி பாடினேன். என்ன பாட்டு என்று விசாரித்துவிட்டு, அறுப்பு நாளில் நடவுப் பாட்டைப் பாடுகிறாளே என்று சிரித்தார். அடுத்த அறுவடைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். அறுப்புப் பாட்டு தெரிந்தால் முழுவதும் எழுதி அனுப்புங்கள். மெட்டுக்கு மாமாவின் போனில் பதிவு செய்தால் போதும். அவர் நடுவில் இருமாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்