ஏ.பி. மதிப்பெண்ணால் என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பதிவாளர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்துப் பாடங்களைப் படித்து, மே மாதத்தில் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வுகளை எழுதும் பிள்ளைகளின் பெற்றோருள் ஒருத்தியாக இம்மடலை எழுதுகிறேன். 5 மதிப்பெண்ணுக்கு 3 பெற்றாலே தகுதி என்கிறது காலேஜ் போர்டு. ஆனால் அந்த 3-க்கு, ஏன் 5-க்கே கூட, உங்கள் வளாகத்தில் என்ன கிடைக்கும் என்பது, பிள்ளை சேர்ந்து ஆலோசகர் முன் அமரும் நாள்வரை பல குடும்பங்களுக்குத் தெளிவாவதில்லை.

கிரெடிட் (பட்டம் பெறத் தேவையான பாட அலகு) தருகிறீர்கள், ஆனால் அது எந்தக் கணக்கில் சேர்கிறது என்பதில்தான் சிக்கல். இயற்பியல் 1 தேர்வில் 5 வாங்கிய மாணவர் பொறியியலில் சேர்ந்தால், அப்பாடத்தில் கால்குலஸ் (நுண்கணிதம்) இல்லை என்பதால், அது பெரும்பாலும் விருப்பப் பாடக் கிரெடிட்டாகவே பதிவாகிறது; பட்டத்துக்குக் கட்டாயமான இயற்பியலை அவர் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. துறையின் காரணம் நியாயமானதே. ஆயினும் இதைப் பத்தாம் வகுப்பிலேயே அறிந்திருந்தால், அவர் கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல் சி பாடத்துக்குத் திட்டமிட்டிருப்பார் (அவருடைய பள்ளியில் அது இருந்தால்!). மருத்துவக் கனவுடன் வருவோரின் நிலை இன்னும் மோசம்: ஏ.பி. உயிரியலைக் காட்டி முதலாண்டுப் பாடத்தைத் தவிர்த்த பிறகு, மருத்துவக் கல்லூரிகள் பலவும் அந்தக் கிரெடிட்டை முன்தகுதியாக ஏற்பதில்லை என்று அறிகிறார்கள்.

டெக்சஸ் மாநிலம் 2015-இல் இயற்றிய சட்டப்படி, அரசுக் கல்லூரிகள் தொடக்கநிலைப் பாடங்களுக்கான கிரெடிட்டுக்கு 3-க்கு மேல் கேட்பதானால் அதற்குச் சான்று இருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் கிடைத்த கிரெடிட் அந்த மாணவரின் பட்டப்படிப்புக்கு உதவுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மாறாக, டார்ட்மவுத் கல்லூரி, 2014-இல் சேர்ந்தவர்கள் முதற்கொண்டு ஏ.பி. தேர்வுக்குக் கிரெடிட் தருவதையே நிறுத்தி, அடுத்த நிலைப் பாடத்தில் சேர்வதற்கு மட்டும் அம்மதிப்பெண்ணைப் பயன்படுத்திக்கொண்டது. பலர் அதைக் கண்டித்தனர். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. அங்கே விண்ணப்பிக்கும் குடும்பம் கிரெடிட்டை நம்பிக் கணக்குப் போடாது.

தேர்வுக்கான பதிவு நவம்பர் நடுவிலேயே முடிகிறது. ஒரு தேர்வுக்கு ஏறத்தாழ 100 டாலர் கட்டணம். ஆகவே, எந்த மதிப்பெண் எந்தப் பட்டப்பிரிவில் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்ற அட்டவணையை ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் துறைவாரியாக வெளியிடுங்கள். மாணவர் தேர்வெழுதிய ஆண்டில் இருந்த விதி, ஈராண்டு கழித்து அவர் உங்களிடம் சேரும்போதும் அவருக்குச் செல்லுபடியாகும் என்று உறுதி கூறுங்கள். இடையில் விதி மாறினால், பழையது, புதியது இரண்டில் மாணவருக்குச் சாதகமானதைக் கொள்ளுங்கள். வேறு கல்லூரியிலிருந்து மாறி வருவோரின் ஏ.பி. மதிப்பெண்களுக்கும் இவ்விதி பொருந்த வேண்டும்.

இப்படிக்கு,
டெக்சஸில் வாழும், பதினோராம் வகுப்பு மாணவியின் தாய்