பேண்ட்சா பிளேடு அடிக்கடி முறிவது குறித்த புகார்

அனுப்புநர்
வாடிக்கையாளர்,
காரைக்குடி.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: 250 மி.மீ. வீல் கொண்ட பேண்ட்சாவுக்குத் தங்கள் நிறுவனம் அனுப்பிய பிளேடுகள் தொடர்ந்து முறிதல் – மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். இடித்த வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கு நிலைகளையும் உத்தரத் துண்டுகளையும் அறுத்துப் படச்சட்டங்களும் சிறு பெட்டிகளும் செய்வதற்காக, வளையமான பிளேடு வீல்களைச் சுற்றி ஓடி மரம் அறுக்கும் தங்கள் பேண்ட்சா இயந்திரத்தை வாங்கி, வீட்டுப் பட்டறையில் வைத்திருக்கிறேன். பிளேடு மழுங்கும் முன்பே முறிந்துவிடுகிறது என்று நான் எழுதியதற்கு, பழைய மரத்தில் ஆணி இருந்திருக்கும் என ஒற்றை வரியில் பதில் வந்தது. இந்த ஊரில் பழைய மரம் அறுப்பவர்கள் காந்தத்தால் தடவிப் பார்க்காமல் கட்டையை மேசையில் ஏற்றுவதில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். ஆணியில் பட்டிருந்தால் முதலில் பற்கள் அல்லவா சிதைந்திருக்க வேண்டும்? முறிந்த பிளேடுகளில் பற்கள் அனைத்தும் முழுதாகவே உள்ளன.

முறிந்த முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் அடியில் தொடங்கிய கீறல் பாதி அகலம் வரை மரத்தூளும் பிசினும் ஏறிக் கறுத்திருக்கிறது. மீதிப் பாதி மட்டும் புதிதாகப் பளபளக்கிறது. ஆகவே இது ஒரே அடியில் உடைந்ததன்று. ஒவ்வொரு சுற்றிலும் வீலில் வளைந்து நிமிர்ந்து, கீறல் சிறிது சிறிதாக வளர்ந்து முறிந்தது. பிளேடின் தடிமன் வீல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பொதுவான கணக்கு. தாங்கள் அனுப்பியதோ மைக்ரோமீட்டரில் 0.65 மி.மீ. காட்டுகிறது. 600 மி.மீ. வீலுக்குப் பொருந்தக்கூடிய தடிமனை 250 மி.மீ. வீலில் ஓட்டினால் வேறென்ன நடக்கும்?

வேறு சில பிளேடுகள், இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கிய வெல்டிங் இணைப்பிலேயே விட்டுப்போயின. இணைப்பின் மீது அரத்தை வைத்தால் கடிக்காமல் வழுக்குகிறது; அவ்வளவு கடினமாகி, வளைய முடியாமல் இருக்கிறது. வெல்டிங் செய்தபின் மிதமாகச் சூடேற்றி மெல்ல ஆறவிடும் வேலை சரியாக நடக்கவில்லை என்பதற்கு இது போதும். இணைப்பு மேடாகவும் இருப்பதால் பிளேடை நேராகப் பிடிக்கும் கைடைக் கடக்கும்போதெல்லாம் 'டிக்' என்று தட்டுகிறது.

இதற்கிடையில் தங்கள் ஊழியர் தொலைபேசியில், டென்ஷனை இன்னும் கூட்டுங்கள் என்றார். வளைவினால் ஏற்கெனவே திணறும் பிளேடை மேலும் இழுத்துக் கட்டச் சொல்வது எந்த வகை ஆலோசனை என்று எனக்கு விளங்கவில்லை. வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்த வேண்டும் என்பதும், பிளேடைப் பின்னாலிருந்து தாங்கும் பேரிங் மரம் அறுக்கும்போது மட்டுமே பிளேடைத் தொட வேண்டும் என்பதும் தங்கள் கையேட்டில் ஓரிடத்திலும் இல்லை. நான் இவ்விரண்டையும் தவறாமல் செய்தும் பிளேடு முறிகிறது.

எனவே, சிறிய வீல்களுக்கென விற்கப்படும் 0.36 மி.மீ. தடிமன் பிளேடுகளை, இணைப்புச் சோதிக்கப்பட்டவையாக, முறிந்தவற்றுக்கு ஈடாக 15 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இயலாவிடில் பிளேடுகளுக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். முறிந்த துண்டுகளையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்தியுள்ளேன். தங்கள் பொறியாளர் நேரில் வந்து பார்க்கலாம். வரும்போது ஒரு மைக்ரோமீட்டரும் அரமும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்