ப்ளூரே வட்டாக வரவேண்டிய படங்கள்: உங்கள் பட்டியல் தேவை

வணக்கம் நண்பர்களே. எந்தப் பழைய பிறநாட்டுக் கலைப்படங்கள் ப்ளூரே (உயர்தெளிவு வீடியோ) வட்டாக வராதா என்று ஏங்கிக்கொண்டிருக்கிறோமோ, அவற்றைப் பட்டியலிட்டு வெளியீட்டாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பப் போகிறோம்.

1. ஞாயிறு இரவு 8 மணிக்குள் ஆளுக்கு 3 படங்கள், இயக்குநர் பெயரோடு.

2. முன்பதிவு செய்யும் முன் மண்டலக் குறியீட்டை (வட்டு எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்ற அடையாளம்) பாருங்கள். ப்ளூரேயில் ஏ, பி, சி என்று மூன்று உண்டு, உங்கள் பிளேயருக்குப் பொருந்தாவிட்டால் வட்டு ஓடாது. இன்னும் துல்லியமான 4கே யுஎச்டி வட்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

3. புதிய மீட்டெடுப்பா (பழைய பிலிமைச் சீராக்கி எடுத்த பதிப்பா) என்று விசாரித்து வாங்குங்கள். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'க்கு (1953) மூல நெகட்டிவே மிஞ்சவில்லை, பிரதிகளிலிருந்துதான் மீட்டார்கள். அப்படிப்பட்ட உழைப்புக்காக எத்தனை நாளும் காத்திருக்கலாம்.

பட்டியல் இல்லாதவர்களும் 'பார்த்தேன்' என்று ஒரு வரி போடுங்கள்.