ஓர் இலக்கத்துக்காக முழுத் தொடர்புப் பட்டியலையும் கேட்காதீர்கள்: கொழும்புச் செயலி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுக்கு,

நண்பருக்கு ரீலோட் போடவும், பணம் அனுப்பவும், இன்னொருவர் வீட்டுக்குப் பொருள் அனுப்பவும் உதவும் செயலிகள் பல, திறந்தவுடனேயே கைத்தொலைபேசியிலுள்ள தொடர்புகள் அனைத்தையும் வாசிக்க அனுமதி கேட்கின்றன. அவ்வேலைகளுக்குத் தேவைப்படுவது ஒரேயோர் இலக்கம்.

அன்ட்ரொயிட்டில் தொடர்புகள், நாட்காட்டி, அழைப்புப் பதிவு போன்ற பொதுத் தரவுகளைச் செயலிகள் நேரடியாகத் தொட முடியாது என்பதையும், அவற்றைக் காக்கும் கன்டென்ட் புரொவைடர் என்ற பகுதியை, கேள்வியைக் கொண்டுசெல்லும் கன்டென்ட் ரிசோல்வர் வழியாக வினவி, விடையைக் கர்சராக, அதாவது வரிசை வரிசையாக வாசிக்கக்கூடிய அட்டவணையாகப் பெறவேண்டும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். பெயர், இலக்கம் போன்ற எந்தப் புலங்கள் வேண்டும் என்று குறிப்பிட வினவலில் இடமுண்டு. அதை வெறுமையாக விட்டால் எல்லாப் புலங்களும் வந்து சேரும். 2015இல் வந்த அன்ட்ரொயிட் 6.0 முதல் இவ்வனுமதியைச் செயலி இயங்கும்போதே பயனரிடம் கேட்டுப் பெறவேண்டியிருந்தாலும், அதைப் பெற்றபின் ஒருவரை வாசிக்கும் செயலியால் எல்லோரையும் வாசிக்க முடியும்.

மாற்று வழி நெடுங்காலமாகவே உண்டு. இலக்கம் ஒன்றைத் தெரிவுசெய்து தரும்படி இன்டென்ட் (வேறொரு செயலிக்கு விடுக்கும் கோரிக்கை) மூலம் கேட்டால் தொலைபேசியின் சொந்தத் தொடர்புச் செயலி திறக்கும். பயனர் ஒருவரைத் தொட்டதும் அந்தப் பதிவை மட்டும் வாசிக்கும் தற்காலிக உரிமை உங்களுக்குக் கிடைக்கும். அனுமதிப் பெட்டி தோன்றவே வேண்டியதில்லை. ஐபோனின் தொடர்புத் தெரிவியும் இவ்வாறே இயங்குகிறது.

வெள்ளவத்தையில் வாழும் ஒரு தாயாரின் தொலைபேசியில் ‘அக்கா லண்டன்’, ‘தம்பி ரொறன்ரோ’, ‘சுகர் டொக்டர்’, ‘லோயர்’, ‘சீட்டு’ என்று பெயர்கள் இருக்கும். உறவினர் எங்கே இருக்கிறார்கள், அவருக்கு என்ன நோய், யாரிடம் சீட்டுக் கட்டுகிறார் என்பதெல்லாம் பட்டியலைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அனுமதி கொடுத்தவர் அவர் ஒருவரே. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களை எவரும் கேட்கவில்லை. 1983 ஜூலையில் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனவர்களைக் கண்ட நகரம் இது. பெயர்ப் பட்டியல் எவர் கைக்கும் போகலாம் என்ற அச்சத்தை இங்கே மிகையென்று சொல்லிவிட முடியாது.

இலக்கங்களை ஹாஷ் செய்தே, அதாவது நேரடியாகத் திருப்பி வாசிக்க முடியாத குறியீடாக மாற்றியே அனுப்புகிறோம் என்ற பதிலை நான் ஏற்கவில்லை. நம் நாட்டின் கைத்தொலைபேசி இலக்கம் 07 என்று தொடங்கி மேலும் 8 இலக்கங்களைக் கொண்டது. மொத்தமே 10 கோடி சாத்தியங்கள். அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு மூல இலக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மடிக்கணினிக்குச் சில நிமிடங்கள் போதும்.

கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் வாசிப்பதைக் கூகுள் பிளே 2023இல் தடைசெய்தது. நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், திரட்டப்படும் தரவு குறித்த நோக்கத்துக்குப் பொருத்தமானதாகவும் அளவானதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. ஓர் இலக்கத்துக்காக ஆயிரம் பேரின் விவரங்களை எடுப்பது எந்த அளவுக்குள்ளும் அடங்காது.

ஆகவே அடுத்த வெளியீட்டிலேயே அவ்வனுமதியை நீக்கித் தெரிவியைப் பயன்படுத்துங்கள். நீங்கள் எழுதாவிட்டாலும், நீங்கள் சேர்த்த நிரல் நூலகம் ஒன்று, தனக்கு வேண்டிய அனுமதிகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் கோப்பு வழியாக அதைக் கொண்டுவந்திருக்கக் கூடும் என்பதால், எல்லாம் இணைக்கப்பட்ட இறுதி மேனிஃபெஸ்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். முழுப் பட்டியல் மெய்யாகவே தேவைப்படும் செயலியானால், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்பதை அனுமதிப் பெட்டி தோன்றுமுன் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதுங்கள். ஏற்கெனவே சேவையகத்தில் ஏற்றிய பட்டியல்களைக் காப்புப் பிரதிகளோடு சேர்த்து அழித்து, அழித்ததைப் பயனர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இவ்வண்ணம்,
கொழும்பிலிருந்து ஒரு செயலி நிரலாளர்